வயதான நட்சத்திர ரிசீவரை அணி வைத்துக்கொள்ள வேண்டுமா? ஜெரி ரைஸை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்து பார்க்கும் நண்பர்கள் நடுவே, மார்ச் மாதம் பிறந்தால் இந்த வாக்குவாதமும் பிறந்துவிடும். அந்த நாட்டின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். தன் புதிய கணக்காண்டைத் தொடங்கும் மாதம் அது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே சட்டையில் ஆடிய ரிசீவரை ஏதாவது ஓர் அணி விடுவிக்கும். "நன்றி கெட்டவர்கள்" என்று பாதிப் பேர் கொதிப்பார்கள். "கணக்கு தெரிந்தவர்கள்" என்று மீதிப் பேர் மெச்சுவார்கள். ஆண்டுதோறும் பெயர் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். பதில்களுக்கு அடித்தளமாக, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முடிவை எடுத்துக்கொள்கிறேன்: 2001இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணி தன் நட்சத்திர ரிசீவர் ஜெரி ரைஸை விடுவித்தது.

ரிசீவர் என்றால் யார்? நாம் பார்க்கும் கால்பந்தில் அப்படி யாரும் இல்லையே?

இது ஹெல்மெட் அணிந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் வைத்து ஆடும் ஆட்டம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மீண்டும் நான்கு கிடைக்கும். குவார்ட்டர்பேக் பந்தை எறிவார். எதிரணிக் காவலரை ஏமாற்றி விலகி ஓடி, அதைப் பிடிப்பவர்தான் ரிசீவர். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைப் பிடித்தாலோ, பிடித்துக்கொண்டு அதைக் கடந்தாலோ டச் டவுன், ஆறு புள்ளி.

எந்தத் திசையில், எத்தனை அடி ஓடி, எங்கே திரும்ப வேண்டும் என்பது முன்பே வகுக்கப்பட்டிருக்கும். பல நேரங்களில் ரிசீவர் திரும்பும் முன்னரே பந்து குவார்ட்டர்பேக்கின் கையை விட்டுக் கிளம்பிவிடும். ஆகவே இருவரின் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே வரும் பல பதில்களுக்கு இது தேவைப்படும்.

முப்பது வயதையா முதுமை என்கிறார்கள்? கிரிக்கெட்டில் முப்பத்தைந்திலும் சதம் அடிக்கிறார்களே?

கிரிக்கெட் மட்டையாளரைத் துரத்திக்கொண்டு 22 வயதுப் பையன் ஒருவன் ஓடி வருவதில்லை. ரிசீவருக்கு எதிரே நிற்கும் காவலரான கார்னர்பேக் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்தான். இருவருக்கும் இடையே பந்து புகும் இடைவெளி பல நேரங்களில் மிகக் குறுகியது. காலில் துளி வேகம் குறைந்தாலும் அந்த இடைவெளி மூடிவிடும். ஒவ்வொரு வாரமும் உடலோடு உடல் மோதி விழ வேண்டியிருப்பதால் காயம் ஆறுவதற்கும் நாளாகிறது.

ஆனால் எல்லாமே ஒன்றாகத் தேய்வதில்லை. வாக்குவாதத்தில் பலர் விட்டுவிடும் இடம் இதுதான். முதலில் போவது நெடுந்தூரம் விரைந்தோடும் வேகம். கைகள் அப்படிப் போவதில்லை. எதிரணியின் நிற்கும் முறையைப் பார்த்தே எங்கே வெற்றிடம் வரும் என்று அறியும் கண்ணும் போவதில்லை. ரைஸின் தந்தை மிசிசிப்பியில் கொத்தனார். விடுமுறையில் அவருடன் வேலைக்குப் போய், சகோதரர்கள் வீசிய செங்கற்களைப் பிடித்துப் பிடித்துத்தான் தன் கைகள் பழகின என்று ரைஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்படிப் பழகிய கைகள் 38 வயதில் பந்தைத் தவறவிடத் தொடங்குவதில்லை.

ரைஸ் விவகாரம் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1985 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 16ஆவது தேர்வாக ரைஸ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்தார். 16 பருவங்கள் அங்கே ஆடினார். லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் மூன்று பட்டங்கள் வென்றார். பிடித்த பந்துகள், யார்டுகள், டச் டவுன்கள் என்று ரிசீவருக்கான பெரிய சாதனைகள் எல்லாமே அவர் பெயரில் இருந்தன. 2000 பருவத்தில் 75 பந்துகள் பிடித்தார். 805 யார்டுகள், 7 டச் டவுன்கள். 2001 ஜூனில் அணி அவரை விடுவித்தது. அப்போது அவருக்கு வயது 38. விரிகுடாவின் எதிர்க்கரையில் இருந்த ஓக்லாந்து ரெய்டர்ஸ் உடனே அவரை அழைத்துக்கொண்டது.

75 பந்துகள் பிடித்தவரைப் போய் யாராவது வேண்டாம் என்பார்களா?

பிடித்த பந்துகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒரு பந்துக்கு எத்தனை யார்டு கிடைத்தது என்று பாருங்கள். 1995இல் ரைஸ் 122 பந்துகளில் 1,848 யார்டு எடுத்தார், சராசரி 15.1. அது 1998இல் 14.1, 1999இல் 12.4, 2000இல் 10.7. படி படியாக இறங்குகிறது. பந்து கைக்கு வருகிறது, ஆனால் வந்த இடத்திலேயே ஆட்டம் நின்றுவிடுகிறது என்பதுதான் இதன் பொருள். நிர்வாகத்தினர் கவலைப்பட்டதில் எந்தத் தவறும் இல்லை.

மறுபக்கம் டெரல் ஓவன்ஸ். ரைஸைவிட 11 வயது இளையவர். அதே 2000இல் 97 பந்துகள், 1,451 யார்டுகள், 13 டச் டவுன்கள். ஒரே அணியில், ஒரே குவார்ட்டர்பேக்கான ஜெஃப் கார்சியா எறிந்த பந்துகளில், இரண்டு ரிசீவர்களுக்கும் இடையே இவ்வளவு தூரம் விழுந்திருந்தது.

சம்பளம்தான் தடை என்றால் உரிமையாளர் கூடக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போகட்டுமே. அவரிடம் இல்லாத பணமா?

அவரிடம் பணம் இருந்தாலும் கொடுக்க முடியாது. 1994 முதல் லீக்கில் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரு பருவத்தில் இவ்வளவுதான் கணக்கில் காட்டலாம் என்று லீக் வரையறுத்திருக்கிறது. தொடங்கியபோது அது 3.46 கோடி டாலர். 2001இல் 6.74 கோடி. 2025இல் 27.92 கோடி. பழைய நட்சத்திரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் வேறொரு வீரரிடமிருந்து எடுக்கப்பட்டதாகவே ஆகும்.

சான் ஃபிரான்சிஸ்கோவின் நிலை அப்போது இன்னும் இக்கட்டானது. 1990களில் பட்டத்துக்காகப் பல ஒப்பந்தங்களின் சுமையை வருங்காலத்துக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். உச்சவரம்பு விதிகளை மீறியதற்காக 2000இல் லீக் அபராதம் விதித்தது; டிராஃப்ட் தேர்வுகளையும் பறித்தது. 1999இல் 4 வெற்றி 12 தோல்வி, 2000இல் 6 வெற்றி 10 தோல்வி. குவார்ட்டர்பேக் ஸ்டீவ் யங் தலையில் பட்ட அடிகளால் ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்தார். பொது மேலாளர் பில் வால்ஷ் அணியை அடியிலிருந்து திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் ரைஸின் ஒப்பந்தம் அவர் மேசைக்கு வந்தது.

பருவம் டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. ஜூன் வரை அவரை ஏன் காக்க வைத்தார்கள்?

இது கணக்குப் புத்தகத்தின் விதி. ஒப்பந்தம் போடும்போது வீரருக்கு ஒரு பெருந்தொகை போனஸாகக் கொடுப்பார்கள். பணம் உடனே கைக்குப் போய்விடும். உச்சவரம்புக் கணக்கில் மட்டும் அதை ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். ஓர் எடுத்துக்காட்டு: ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 2 கோடி டாலர் போனஸ் என்றால் ஆண்டுக்கு 40 லட்சம். இரண்டாண்டு கழித்து விடுவித்தால், எழுதாமல் மீதமிருக்கும் 1.2 கோடியும் ஒரே ஆண்டில் வந்து விழும். ஜூன் 1க்குப் பிறகு விடுவித்தால் இந்த ஆண்டு 40 லட்சம், அடுத்த ஆண்டு 80 லட்சம் என்று பிரிந்துவிடும். வயதான நட்சத்திரங்களைப் பற்றிய செய்தி ஜூன் முதல் வாரத்தில் அடிக்கடி வருவதற்குக் காரணம் இதுதான்.

வாக்குவாதத்தில் இறங்கும் முன் இதையும் பாருங்கள்: உங்கள் ரிசீவரை விடுவித்தால் அணிக்கு உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது? சில நேரம் அவர் போன பிறகும் கணக்கில் நிற்கும் தொகை, வைத்துக்கொண்டால் ஆகும் செலவை நெருங்கிவிடும். அப்படிப்பட்ட ஆண்டில் அவரை வெளியே அனுப்புவது வீண் வீம்பு.

அப்படியானால் ரைஸை விட்டது சரியா, தவறா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

சரி. எனக்கு ரைஸை மிகவும் பிடிக்கும், இருந்தும் சொல்கிறேன். 2001இல் அவர் இல்லாத சான் ஃபிரான்சிஸ்கோ 12 ஆட்டங்களில் வென்று, 4இல் மட்டும் தோற்றது. ஓவன்ஸ் 1,412 யார்டு எடுத்து, 16 டச் டவுன்களுடன் லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். முதன்மை ரிசீவர் யார் என்ற குழப்பம் அந்த அணியில் தீர்ந்துவிட்டது.

அதே ஆண்டு ஓக்லாந்தில் ரைஸ் 83 பந்துகள், 1,139 யார்டுகள், 9 டச் டவுன்கள் எடுத்தார். அடுத்த ஆண்டு, 40 வயதில், 92 பந்துகள், 1,211 யார்டுகள்; ரெய்டர்ஸ் சூப்பர் பவுல் வரை போனது. அங்கே தம்பா பேயிடம் 48-21 என்று தோற்றாலும், ரைஸ் ஒரு டச் டவுன் பிடித்தார். நான்கு சூப்பர் பவுல்களில் டச் டவுன் பிடித்த முதல் வீரர் அவர்தான். விட்ட அணிக்கும் நன்மை, எடுத்த அணிக்கும் நன்மை. "அவர் முடிந்துவிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் இதற்கு விளக்கமே கிடைக்காது. அவர் முடிந்துவிடவில்லை, அந்த அணியில் அவருக்குரிய இடம்தான் முடிந்திருந்தது.

சராசரி சரிந்துவிட்டது என்றீர்கள். ஓக்லாந்தில் மட்டும் எப்படி ஏறியது? வயது குறைந்துவிட்டதா?

மிக நல்ல கேள்வி. பலர் இதைக் கேட்பதே இல்லை. 2000இல் 10.7 ஆக இருந்தது 2001இல் 13.7 ஆனது, 2002இல் 13.2. நான் மூன்று காரணங்கள் பார்க்கிறேன். 1997இல் கிழிந்த முழங்கால் மேலும் தேறியிருந்தது. களத்தின் மறு விளிம்பில் சக ரிசீவர் டிம் பிரவுன் இருந்தார். ரைஸைப் போலவே அனுபவசாலி, ஆகவே எதிரணியால் ஒருவரை மட்டும் குறிவைக்க முடியவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானவர் குவார்ட்டர்பேக் ரிச் கேனன். பந்தைக் கையில் வைத்துத் தயங்காதவர், குறித்த நேரத்தில் குறித்த இடத்துக்கு எறிபவர். 2002இல் லீக்கின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான்.

ரைஸின் கையெழுத்து என்று சொல்லத்தக்க ஓட்டம் ஸ்லான்ட். மூன்று காலடி நேராக ஓடி, வெளிக்காலை ஊன்றி, சட்டென்று களத்தின் நடுப்பக்கம் சாய்வாக வெட்ட வேண்டும். தோளும் கண்ணும் கடைசி நொடிவரை நேராகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காவலர் கண்டுகொள்வார். வெட்டியதும் காவலரைத் தன் இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டால், பந்துக்கும் அவருக்கும் நடுவே ரிசீவரின் முழு உடலும் மறைப்பாக நிற்கும். இதற்கு மின்னல் வேகம் வேண்டாம். முதல் மூன்று அடியும் பந்து வரும் நொடியும் பொருந்தினால் போதும். பந்து அரை நொடி பிந்தினால் 25 வயதுக்காரர் வேகத்தால் சமாளிப்பார், 39 வயதுக்காரரால் முடியாது. கேனன் பிந்தவிடவில்லை.

ஆகவே பழைய ரிசீவரின் எண்கள் சரிந்தால், எறிபவர் யார், மறு விளிம்பில் யார் என்பதைப் பார்க்காமல் வயதின் மேல் பழி போடாதீர்கள்.

காயம் காரணமா, வயது காரணமா என்று எப்படிப் பிரித்தறிவது?

எந்தக் காயம் என்று பாருங்கள். 1997இன் முதல் ஆட்டத்தில் ரைஸின் இடது முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. டிசம்பரிலேயே அவசரமாகத் திரும்பி வந்து, ஒரு டச் டவுன் பிடித்து, அதே பிடியில் முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார். ஆனால் 1998இல் 82 பந்துகள், 1,157 யார்டுகள். ஒருமுறை பட்ட அடி. முழுமையாக ஆற விட்டால் ஆறக்கூடியது.

பின்தொடைத் தசை இழுத்துக்கொண்டு, ஆறி, மீண்டும் இழுத்துக்கொள்வது வேறு வகை. அட்லான்டா அணியின் ரிசீவர் ஜூலியோ ஜோன்ஸ் 2020இல் 9 ஆட்டங்களில் 771 யார்டு எடுத்தார். ஆடிய நாளில் அவர் பழைய ஜூலியோதான்; ஆனால் தொடைத் தசை அவரை மற்ற ஏழு ஆட்டங்களில் உட்கார வைத்தது. 2021 ஜூனில் அட்லான்டா அவரை டென்னசி டைட்டன்ஸுக்குக் கொடுத்து, இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றும் நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றும் வாங்கிக்கொண்டது. டென்னசியில் அவர் ஆடியது 10 ஆட்டங்கள்; 434 யார்டுகள், ஒரே டச் டவுன். அடுத்த மார்ச்சில் விடுவிக்கப்பட்டார். அட்லான்டாவை அன்று திட்டியவர்கள் பலர்; அந்த விற்பனை கெட்டிக்காரத்தனமானது.

தொடக்க வீரராக வேண்டாம். நான்காவது ரிசீவராக ஓரமாக வைத்துக்கொள்ளலாமே?

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். நடைமுறையில் இதுதான் மிகக் கடினம். அணியில் 53 பேர். நான்காவது, ஐந்தாவது ரிசீவர்கள் பந்து பிடிக்க மட்டும் இருப்பதில்லை. உதைத்த பந்தைத் துரத்தி முழு வேகத்தில் ஐம்பது யார்டு ஓடி, எதிராளியை வீழ்த்துவது அவர்கள் வேலை. 23 வயதுக்காரர் குறைந்த சம்பளத்தில் அதைச் செய்வார். 38 வயது நட்சத்திரத்தை அதற்கு அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது.

எனவே பழைய நட்சத்திரம் முதல் மூவரில் ஒருவராக இருக்க வேண்டும், அல்லது அவருக்கு இடமே இல்லை. ரைஸ் 2005இல் டென்வர் பிராங்கோஸ் முகாமுக்குப் போனார். ரிசீவர் வரிசையில் பின்னால்தான் இடம் என்று தெரிந்ததும், பருவம் தொடங்கும் முன்பே ஓய்வை அறிவித்தார்.

லாரி ஃபிட்ஸ்ஜெரால்டை அரிசோனா 17 பருவம் வைத்துக்கொண்டதே?

வைத்துக்கொண்டது, வேலையை மாற்றி வைத்துக்கொண்டது. பயிற்சியாளர் புரூஸ் ஏரியன்ஸ் அவரைக் களத்தின் விளிம்பிலிருந்து உள்ளே, தடுப்பு வரிசைக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்லாட் இடத்துக்கு நகர்த்தினார். அங்கே நெடுந்தூர வேகம் தேவையில்லை. உடல் பலமும் கையும் கண்ணும் வேண்டும், முரட்டுத்தனமாகத் தடுக்கவும் தெரிய வேண்டும். 2014இல் 63 பந்துகள் என்று இறங்கியிருந்த ஃபிட்ஸ்ஜெரால்டு, 32 வயதில், 2015இல் 109 பந்துகள் பிடித்தார்; 2016இல் 107, 2017இல் மறுபடியும் 109.

இதற்கு வீரரின் மனமும் இசைய வேண்டும். விளிம்பில் நின்று கைதட்டு வாங்கிப் பழகியவர், உள்ளே வந்து தன்னைவிடப் பெரிய உடல்களைத் தடுக்கச் சம்மதிக்க வேண்டும். ஃபிட்ஸ்ஜெரால்டு சம்மதித்தார். விடுவிக்கும் முன் அணி இந்த உரையாடலை நடத்தியதா என்று நான் ஒவ்வொரு முறையும் தேடுகிறேன்.

இளையவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார் என்பதற்காகவாவது வைத்துக்கொள்ளலாமா?

அதற்காக மட்டும் வேண்டாம்; அதற்குப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆடும் வலுவோடு இருக்கும்போது அந்தப் பயன் மிகப் பெரியது. பயிற்சியில் ஐந்து யார்டுப் பந்தைப் பிடித்தாலும் ரைஸ் எல்லைக்கோடு வரை ஓடிவிட்டுத்தான் திரும்புவார். இதைத் தினமும் பார்த்த இளைஞன் நடந்து திரும்ப வெட்கப்படுவான்.

ரசிகர்களின் அன்புக்கும் விசுவாசத்துக்கும் மதிப்பே இல்லையா?

உண்டு. ஆனால் அது விடுவிக்கும் முறையில் காட்டப்பட வேண்டியது. 2000 டிசம்பர் 17, அணியின் சொந்த மைதானமான கேண்டில்ஸ்டிக், எதிரே சிகாகோ. இதுதான் இங்கே ரைஸின் கடைசி ஆட்டம் என்று ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அரங்கம் ரைஸுக்காக வந்திருந்தது. அன்று ஓவன்ஸ் 20 பந்துகள் பிடித்து 283 யார்டு எடுத்தார். ஓர் ஆட்டத்தில் 20 பிடிகள் என்பது அப்போது புதிய சாதனை. அன்று பார்த்தவர்களுக்கு யாரும் கணக்கு சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சான் ஃபிரான்சிஸ்கோ உறவை முறித்துக்கொள்ளவும் இல்லை. 2006இல் ரைஸ் அதே அணியின் வீரராக ஓய்வு பெற வேண்டும் என்பதற்காக ஒரு நாள் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் எழுதிய தொகை 1,985,806.49 டாலர்: சேர்ந்த ஆண்டு 1985, சட்டை எண் 80, ஓய்வு ஆண்டான 2006இன் 6, அணியின் பெயரில் உள்ள 49. பணம் கைமாறவில்லை, மரியாதை கைமாறியது.

விடுவித்தது தவறாகிப்போன அணி ஒன்றையாவது சொல்லுங்கள்.

கரோலைனா பேந்தர்ஸ், 2014. அணியின் அடையாளமாகவே இருந்த ஸ்டீவ் ஸ்மித்தை அந்த மார்ச்சில் விடுவித்தார்கள். முந்தைய பருவத்தில் அவர் எடுத்தது 745 யார்டு, வயது 34. எண்களை மட்டும் வைத்துக் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஓர் ஓவன்ஸ் இல்லை. அதே மாதத்தில் மற்ற முன்னணி ரிசீவர்களும் வெளியேறிவிட்டார்கள். பிறகு டிராஃப்டில் எடுத்த கெல்வின் பெஞ்சமின் 1,008 யார்டு எடுத்தது அவர்களுக்கு வாய்த்த நல்ல காலம். அப்படியிருந்தும் அணி முந்தைய ஆண்டின் 12 வெற்றிகளிலிருந்து 7க்கு இறங்கியது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

ஸ்மித் பால்டிமோர் ரேவன்ஸுக்குப் போய் 1,065 யார்டு எடுத்தார். செப்டம்பரில் கரோலைனா அங்கே ஆட வந்தபோது 7 பந்துகள், 139 யார்டுகள், 2 டச் டவுன்கள்; பால்டிமோர் 38-10 என்று வென்றது. பின்னால் ஆள் நிற்கிறானா என்று பார்க்காமல் முன்னால் நிற்பவரை அனுப்பக் கூடாது.

அப்படியென்றால் ஸ்மித்தையும் ரைஸையும் காட்டி, எல்லா மூத்த வீரர்களையும் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. 2015இல் ஹூஸ்டன் விடுவித்த ஆண்ட்ரே ஜான்சனை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அதே நம்பிக்கையில் எடுத்தது. முந்தைய ஆண்டு 936 யார்டு எடுத்தவர் அங்கே 503 யார்டுதான் எடுத்தார். ஒரே பருவத்தோடு உறவு முடிந்தது. ரைஸ் போன்றவர்களை நாம் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணமே அவர்கள் அரிது என்பதுதான்.

42 வயதில் சியாட்டிலுக்குப் போனது ரைஸுக்கு அவமானம் இல்லையா? சாதனையோடு நிறுத்தியிருக்கலாமே?

2004 செப்டம்பரில் பஃபலோவுக்கு எதிராக ஒரு பந்துகூட அவருக்குக் கிடைக்கவில்லை. தொடர்ச்சியாக 274 ஆட்டங்களில் குறைந்தது ஒரு பந்தாவது பிடித்தவரின் வரிசை அன்று அறுந்தது. ஓக்லாந்தில் தனக்கு வேலை இல்லை என்று அவர் புரிந்துகொண்டார். அக்டோபரில் சியாட்டில் சீஹாக்ஸுக்கு மாற்றப்பட்டார். சாதனைக்காக மட்டும் ஆடியவராக இருந்தால் அதோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

டிசம்பரில், டல்லாஸுக்கு எதிரான திங்கள் இரவு ஆட்டத்தில், 42 வயதில், 8 பந்துகள் பிடித்து 145 யார்டும் ஒரு டச் டவுனும் எடுத்தார். அவமானம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்காக சியாட்டில் கொடுத்த விலை ஏழாம் சுற்றுத் தேர்வு ஒன்று, அதுவும் நிபந்தனையோடு. நான் எந்த அணியின் மேலாளராக இருந்தாலும் அந்த விலைக்கு மறுபேச்சில்லாமல் அவரை வாங்கியிருப்பேன்.